ஓரியூரில் ஒரு தவக்காலப் புதன்

1693-ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 22 அன்று வந்தது. நாம் பின்பற்றும் நாட்காட்டியில் அந்தத் திருநாள் அதைவிட முன்கூட்டி வர வழியே இல்லை. அங்கிருந்து 46 நாள் பின்னோக்கி எண்ணினால் சாம்பல் புதன், பிப்ரவரி 4. அன்றைக்குத்தான் பாம்பாற்றங்கரையில், ஓரியூரில், சேசு சபைக் குரு அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. உலகெங்கும் கத்தோலிக்கக் கோவில்களில் குருக்கள் விசுவாசிகளின் நெற்றியில் சாம்பல் பூசி, நீ மண்ணுக்குத் திரும்பப்போகிறவன் என்று நினைவூட்டிய நாள் அது. ஓரியூரில் அன்று சாம்பல் பூசக் குருவானவர் இல்லை. இருந்த ஒருவர் கொலைக்களத்தில் மண்டியிட்டிருந்தார்.

இந்தத் தேதிப் பொருத்தம் தெரிந்த நாளிலிருந்து, ஓரியூருக்குப் போனால் தவக்காலத்துப் புதன்கிழமை ஒன்றில்தான் போக வேண்டும் என்று வைத்திருந்தேன். பிப்ரவரித் திருவிழாவில் ஊர் கொண்டாட்டத்தில் இருக்கும். அது அதற்குரிய அழகு. எனக்கு வேண்டியிருந்தது வேறு. அருளானந்தர் ஏன் கொல்லப்பட்டார் என்ற கதையின் நடுவில் ஒரு மனிதனின் மனமாற்றம் இருக்கிறது. ஒருவன் மனம் மாறியதால் பல பேருடைய வாழ்க்கை புரண்டது. அதை அந்த மண்ணில் நின்று யோசித்துப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

மதுரை மாட்டுத்தாவணியில் தொண்டிப் பேருந்து பிடித்தேன். சிவகங்கை தாண்டியதும் வெளி விரிகிறது. அறுவடை முடிந்த வயல்களில் தாள் மட்டும் நிற்கிறது, அதற்குள் ஆட்டுக்கிடை. கண்மாய்களின் நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர், ஓரமெல்லாம் பாளம் பாளமாக வெடித்த வண்டல். மற்ற இடமெல்லாம் சீமைக்கருவேலம். அங்கங்கே மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறார்கள். வெள்ளைப் புகை தரையோடு தரையாகத் தவழ்ந்து சாலையைக் கடக்கிறது. காளையார்கோவிலில் வண்டி கொஞ்ச நேரம் நின்றது. கோபுரத்தைப் பார்த்தபடி தேநீர் குடித்தேன். மருது சகோதரர்களின் பெயர் ஒட்டிய ஊர். அவர்களுக்கும் நூறாண்டுக்கு மேல் முந்தி, இந்தப் பக்கத்துக் காட்டுப் பாதைகளில் காவி கட்டிய போர்த்துக்கீசியர் ஒருவர் இரவு நேரங்களில் நடந்து திரிந்தார் என்று சொன்னால், பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் நம்பியிருப்பாரோ என்னவோ.

ஜான் டி பிரிட்டோ 1647 மார்ச் 1 அன்று லிஸ்பனில் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். இளவரசர் பெத்ருவோடு அரண்மனையில் ஒன்றாக வளர்ந்தவர். பிள்ளைப் பருவத்தில் சாவின் விளிம்புக்குப் போகும் காய்ச்சல். பிழைத்தால் புனித சவேரியாருக்கு நன்றியாக ஓராண்டு சேசு சபை அங்கியை அணிவிப்பதாகத் தாய் நேர்ந்துகொண்டார். பிழைத்தார், அணிந்தார். பிறகு அதைக் கழற்ற மனமில்லாதவர்போல 1662-இல் அந்தச் சபையிலேயே சேர்ந்துவிட்டார். 1673-இல் கப்பலேறி வந்தவர் மதுரை மறைப்பணித் தளத்துக்கு அனுப்பப்பட்டார். ராபர்ட் தெ நொபிலி 1606-இல் தொடங்கிய தளம் அது. நொபிலி பிராமணச் சந்நியாசியின் கோலத்தை எடுத்தார். பிரிட்டோ எடுத்தது பண்டாரசாமியின் கோலம்; மற்றச் சாதியாரின் வீட்டு வாசல்களுக்கும் தடையில்லாமல் போகலாம். காவி வேட்டி, கையில் கோல், மரக்கறிச் சாப்பாடு, தரையில் படுக்கை. அருளானந்தர் என்று பெயர்.

1686-இல் அவர் மறவ நாட்டுக்குள் வந்தார். கிறிஸ்தவப் போதனைக்கு அங்கே தடை. அவரையும் உபதேசியார்களையும் பிடித்தார்கள். நீரில் முக்கினார்கள். உச்சி வெயிலில் கூரிய பாறைமேல் கிடத்தி மிதித்தார்கள். கடைசியில் ராமநாதபுரத்தில் மறவ நாட்டு மன்னர் கிழவன் சேதுபதி நேரில் விசாரித்து, இனி இந்த நாட்டில் போதிக்கக் கூடாது என்ற கட்டளையோடு விடுவித்தார். அடுத்துச் சபை அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. லிஸ்பனில் அவரோடு வளர்ந்த பெத்ரு அப்போது அரசர். தன் மகனுக்கு ஆசிரியராக அங்கேயே இருந்துவிடச் சொன்னார். மெத்தையும் அரசவையும் காத்திருந்த ஊரில் அந்த மனிதர் தரையில் படுத்து, காய்கறி உண்டு, திரும்பிப் போகும் கப்பலுக்காகக் காத்திருந்தார். 1690-இல் மறுபடி கோவா. அடுத்த ஆண்டே மறவ நாடு.

எந்தப் பிரசங்கமும் இதுவரை நன்றாகச் சொல்லும். எனக்கும் சொல்லிச் சலிப்பதில்லை. ஆனால் இதற்குப் பிறகு வருவதுதான் மனதை அறுக்கிறது.

சிறுவல்லிப் பகுதித் தலைவர் தடியத்தேவர் தீராத நோயில் கிடந்தார். வைத்தியங்கள் ஓய்ந்தபின் அருளானந்தருக்கு ஆள் அனுப்பினார். உபதேசியார் ஒருவர் போய் நற்செய்தி வாசித்துச் செபித்தார், நோய் இறங்கியது. தடியத்தேவர் திருமுழுக்குக் கேட்டார். அவருக்குப் பல மனைவியர். ஒருத்தியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினால்தான் திருமுழுக்கு என்று அருளானந்தர் சொன்னார். அவர் சம்மதித்தார். அந்த நாட்டில், அந்தத் தகுதியில் இருந்த ஒருவர் அப்படிச் சம்மதிப்பது சின்னக் காரியமல்ல. மனைவியரின் எண்ணிக்கை என்பது உறவு, படை, நிலம், கௌரவம் எல்லாம் சேர்ந்தது. ஒவ்வொரு திருமணத்துக்குப் பின்னாலும் ஓர் உடன்பாடு இருந்திருக்கும். அவை அத்தனையையும் ஒரே நாளில் முறித்துக்கொண்டு, 1693 ஜனவரி 6, மூன்று ராசாக்கள் திருநாளன்று அவர் திருமுழுக்குப் பெற்றார்.

விலக்கப்பட்டவர்களில் இளையவள் சேதுபதியின் நெருங்கிய உறவுப் பெண். கடலாயி என்று பெயர் சொல்கிறார்கள். அவள் பிறந்த வீட்டுப் பெரியவரான சேதுபதியிடம் போய் அழுதாள். ஜனவரி 8 அன்று அருளானந்தர் பிடிபட்டார். ராமநாதபுரம் சிறை, பிறகு ஓரியூர். தண்டனையை நிறைவேற்றும் பொறுப்பு அங்கிருந்த சேதுபதியின் தம்பி உடையத்தேவருக்கு. அதற்குப் பிறகு பிப்ரவரி 4.

திருவாடானையில் இறங்கி ஓரியூருக்கு வண்டி மாறினேன். சின்னப் பேருந்து, பாதிக்கு மேல் பெண்கள். ஒருத்தியின் மடியில் தென்னங்கன்று, வேர்ப்பக்கம் சாக்கில் சுற்றிக் கட்டியிருந்தது. குழந்தை வரம் கேட்டோ, கிடைத்ததற்கு நன்றியாகவோ ஓரியூரில் தென்னங்கன்று கொடுக்கும் வழக்கம் உண்டு. முடி இறக்குவது, காது குத்துவது, ஆடு வெட்டி ஊருக்கே அசனம் போடுவது எல்லாம் உண்டு. கிறிஸ்தவர்கள், இந்துக்கள் என்ற பிரிப்பு அங்கே எடுபடாது. அருளானந்தரைக் கொன்ற மறவர் குலத்தின் பிள்ளைகள் இன்று அவர் சந்நிதியில் முடி இறக்குகிறார்கள். வெறும் பக்தி என்றோ, பழைய பழக்கம் கிறிஸ்தவக் கோவிலுக்குள் புகுந்துவிட்டது என்றோ இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் ஒதுக்க மாட்டேன். முந்நூறு ஆண்டுக்கு முந்திய இரத்தப் பழி ஒன்றை ஒரு மக்கள் கூட்டம் தலைமுறை தலைமுறையாக, வாயால் எதுவும் சொல்லாமல், சொந்தத் தலைமுடியையும் சொந்த ஆட்டையும் சொந்தச் சோற்றையும் கொடுத்துத் தீர்த்துவருவதாகத்தான் எனக்குப் படுகிறது.

ஊர் சின்னது. போர்த்துக்கீசிய முகப்பு உள்ள கோவில், சுற்றிலும் மரங்கள், சத்திரங்கள். வெட்டுண்ட இடத்து மணல் சிவப்பு. அருளானந்தரின் இரத்தத்தில் சிவந்தது என்று நம்புகிறார்கள். எடுத்துப் போய் நோயாளிகளின் நெற்றியில் பூசுகிறார்கள். நான் போனபோது ஒரு பாட்டி மணலைச் சல்லடை போட்டதுபோல விரலிடுக்கில் வடியவிட்டு, சின்னக் கற்களை நீக்கி, முந்தானையில் முடிந்துகொண்டிருந்தார். முடிந்தபின் ஒரு சிட்டிகை எடுத்துத் தன் நெற்றியிலும் இட்டுக்கொண்டார். சாம்பல் புதன் கழிந்து சில வாரம் ஆகியிருந்தது. கழிந்த ஆண்டுக் குருத்தோலைகளை எரித்த சாம்பலை எங்கள் பங்கில் பூசிக்கொண்டு, மாலைக்குள் வியர்வையில் அது கரைந்துபோனது நினைவுக்கு வந்தது. நானும் ஒரு சிட்டிகை மணல் எடுத்து இட்டுக்கொண்டேன்.

திருப்பலியில் கூட்டம் நிறைந்திருந்தது. முடிந்தபின் நிழலில் உட்கார்ந்து, பேருந்தில் தொடங்கிய யோசனையைத் தொடர்ந்தேன்.

கடலாயியை ஏரோதியாவோடு ஒப்பிடும் பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். திருமுழுக்கு யோவானின் தலை ஒரு பெண்ணின் கோபத்தால் விழுந்தது, அருளானந்தருக்கும் யோவான் என்றே பெயர், அவர் தலையும் ஒரு பெண்ணால் விழுந்தது என்று கதை பொருத்தமாக உட்கார்ந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பொருத்தம் நியாயமில்லை. ஏரோதியா கணவன் உயிரோடிருக்க அவன் சகோதரனிடம் போனவள். கடலாயி தன் நாட்டு வழக்கப்படி ஊரறிய மணந்தவள். அவள் எந்தத் தவறும் செய்யவில்லை. ஒருநாள் கணவருக்கு நோய் குணமானது. அந்த மகிழ்ச்சியின் விலையாக அவள் வீட்டை விட்டு வெளியே நின்றாள். அந்தக் காலத்து மறவ நாட்டில் அரச குலத்து மனைவியின் உயிர் கணவனோடு எப்படிப் பின்னியிருந்தது என்பதற்கு ஒன்று சொல்லலாம். 1710-இல் கிழவன் சேதுபதி இறந்தபோது அவருடைய மனைவியர் 47 பேர் சிதை ஏறினார்கள் என்று சேசு சபைக் கடிதம் ஒன்று சொல்கிறது. கணவன் செத்தால் தானும் சாக வேண்டும் என்று வளர்க்கப்பட்டவளிடம், கணவன் உயிரோடிருக்கும்போதே நீ மனைவி இல்லை என்று சொன்னால் அவளுக்கு மிஞ்சுவது என்ன?

அருளானந்தரைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஒருவனுக்கு ஒருத்தி என்ற நற்செய்தியின் கட்டளையை ஓர் அரசியல் தலைவருக்காகத் தளர்த்திக் கொடுத்திருந்தால் அவர் உயிர் பிழைத்திருப்பார், தளர்த்தவில்லை. திருச்சபை அன்று அவர் கையில் கொடுத்திருந்த வழியும் குறுகலானது. பல மனைவியர் உள்ளவர் திருமுழுக்குப் பெற்றால், தன்னோடு திருமுழுக்குப் பெறும் மனைவியை வைத்துக்கொள்ளலாம் என்று திருத்தந்தை ஐந்தாம் பயஸ் 1571-இல் அனுமதித்திருந்தார். மற்றவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி நெடுநாள் ஓரமாகவே கிடந்தது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு அதை வெளிப்படையாக எழுதியிருக்கிறது. விலக்கப்படும் மனைவியரின் தேவைகள் நீதிப்படியும் அன்பின்படியும் கவனிக்கப்படுகின்றனவா என்று ஆயர் பார்க்க வேண்டும் என்கிறது 1148-ஆம் சட்டம். வறண்ட சட்ட நடை. ஓரியூரில் உட்கார்ந்து நினைத்துப் பார்க்கும்போது அந்த வறண்ட வாக்கியம் எனக்குச் செபம்போலக் கேட்டது. கடலாயியின் பெயர் அதில் இல்லை. ஆனால் அவளைப்போல வாசலில் நின்றவர்களை மறக்காமல் எழுதிய வாக்கியம் அது.

சாம்பல் புதனன்று நாம் பாடும் ஐம்பத்தோராம் திருப்பாடலிலும் எனக்கு ஓரிடம் இடறும். தாவீது பத்சேபாவைத் தன் அரண்மனைக்கு எடுத்துக்கொண்டு, அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் நிறுத்திக் கொல்லச் செய்தபின், நாத்தான் வந்து கண்டித்தபோது பாடியது என்று அதன் தலைப்பே சொல்கிறது. உள்ளம் நொறுங்கிய மனிதனின் பாட்டு. அதைப்போல வேறொன்று இல்லை. ஆனாலும் கடவுளுக்கு எதிராக மட்டுமே பாவம் செய்ததாக அவர் சொல்லும் அடி வரும்போது என் நாக்கு தயங்கும். உரியா செத்துக் கிடக்கிறான். பத்சேபா புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, கொன்றவன் வீட்டில் இருக்கிறாள். எல்லாப் பாவமும் கடைசியில் கடவுளுக்கு எதிரானது என்பது மறையுண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் நம்மில் பலர் அந்த அடியில் ஏறி நின்றுகொண்டு மனிதரிடம் பட்ட கடனைத் தாண்டிப் போய்விடுகிறோம். முழங்காலில் நின்று கடவுளிடம் அழுவது எளிது. பக்கத்து அறையில் இருக்கும் மனைவியிடம், கீழே வேலை செய்யும் ஆளிடம், பாகம் பிரித்தபோது ஏமாற்றிய தம்பியிடம் போய் நிற்பது கடினம்.

அகுஸ்தினாரின் மனமாற்றத்தை உலகமே கொண்டாடுகிறது. பல ஆண்டு அவரோடு வாழ்ந்து, அதியோதாத்து என்ற மகனைப் பெற்றுக் கொடுத்த பெண்ணை, அவருக்கு வேறு திருமணம் பேசிய காலத்தில் பிரித்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். அத்தனை உண்மையாகத் தன் நெஞ்சைத் திறந்து காட்டிய நூலில் அவர் அவளுடைய பெயரைச் சொல்லவில்லை. அவருடைய பெருமையை இது குறைக்கவில்லை. ஆனால் பெரிய மனமாற்றக் கதைகளில் இப்படிப் பெயரில்லாமல் வெளியேறும் ஒரு பெண் எப்படியோ இருந்துவிடுகிறாள்.

சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டிய ஐந்து காரியங்களை மனப்பாடம் செய்வித்தார்கள்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிமேல் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, குருவிடம் சொல்லுதல், கடைசியாகப் பரிகாரம். அந்தக் கடைசிச் சொல்லை, நாங்கள் குருவானவர் சொல்லும் மூன்று அருள் நிறை மந்திரம் என்று புரிந்துகொண்டோம். கோவிலை விட்டு வெளியே வருமுன் முடித்துவிடலாம். மறைக்கல்வி சொல்வது அவ்வளவு மலிவானதல்ல. திருடியதைத் திருப்பிக் கொடு, கெடுத்த பெயரைச் சரிசெய், இழைத்த காயத்துக்கு ஈடு செய், உன்னால் ஆனவரைக்கும் செய் என்கிறது. மன்னிப்பு பாவத்தை எடுத்துவிடுகிறது. பாவம் உண்டாக்கிய சேதத்தை அது தானாகச் சரிசெய்துவிடுவதில்லை. சக்கேயு இதை யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டவன். இயேசு அவன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும், செபம் சொல்லவில்லை, அழவும் இல்லை. எழுந்து நின்று கணக்குச் சொன்னான். சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றியவர்களுக்கு நான்கு மடங்கு. அந்தக் கணக்கைக் கேட்ட பிறகுதான் இன்று இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்ற செய்தி வருகிறது. லூக்கா அந்த வரிசையைத் தெரிந்தே எழுதியிருக்கிறார் என்று நான் நம்புகிறேன். சாம்பல் புதனை அடுத்து வரும் வெள்ளியன்று எசாயாவின் வாசகமும் அதையே கேட்கிறது: தலையைக் குனிந்து சாம்பலில் உட்காருவதா நோன்பு, கட்டி வைத்தவனை அவிழ்த்துவிடுவதல்லவா?

இந்த யோசனையில் இருந்தபோதுதான் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நாற்பதைத் தொட்ட வயது. கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். கூட வந்த கணவர் முடி இறக்கிச் சந்தனம் பூசிய தலையோடு தண்ணீர்க் குழாயடியில் நின்றுகொண்டிருந்தார்.

“எந்தூருண்ணே?” என்று கேட்டாள். சொன்னேன். தாங்கள் திருவாடானைப் பக்கம் என்றாள். நேர்ச்சையா என்று கேட்டேன்.

“அவுக குடிச்சிட்டு இருந்தாகண்ணே. நாலு வருசத்துக்கு முந்தி தியானத்துக்குப் போயிட்டு வந்து விட்டுட்டாக. விட்டது விட்டதுதான், இன்னைக்கு வரைக்கும் தொடல. அதுக்குத்தான் வருசா வருசம் வந்து முடி எறக்குறாக.”

நல்ல விஷயம் அம்மா, பெரிய விஷயம் என்றேன். அவள் தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே தொடர்ந்தாள்.

“கோயில்ல மைக்கப் புடிச்சுச் சாட்சி சொன்னாகண்ணே. எப்படிக் குடிச்சேன், எப்படி விட்டேன்னு. எல்லாரும் கை தட்டுனாக. எங்கம்மா போட்ட எட்டுப் பவுனையும் அடகு வச்சுக் குடிச்சிருந்தாக. நான் இந்தக் கயித்தோட மொத வரிசையில உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தேன். எனக்குக் கை தட்ட வரல.”

இதைச் சொல்லும்போது அவள் குரலில் கசப்பு இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறவளின் குரல். நான் அதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“மறு வருசம் தவசு காலத்துல பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாக. வெளிய வந்து மூஞ்சி தொங்கிப் போச்சு. என்னன்னு கேட்டா, சாமியாரு பரிகாரமா செவம் எதுவும் சொல்லலையாம். பொண்டாட்டி நகையத் திருப்பிப் போடு, அதுதான் உன் பரிகாரம்னு சொல்லிட்டாராம். இவுக, அம்புட்டுப் பணத்துக்கு நான் எங்க போவேன்னு கேட்டிருக்காக. குடிக்க எங்க போனியோ அங்க போன்னு சொல்லியிருக்காரு.”

அவள் சிரித்தாள். நானும். பிறகு அவள் விரல்விட்டு எண்ணிச் சொன்னாள். கரிமூட்ட வேலை, அறுவடைக் காலத்தில் கதிர் அறுக்கும் இயந்திரத்தோடு தஞ்சாவூர்ப் பக்கம், மழைக்காலத்தில் கிடைத்த கூலி. முதலில் தோடு வந்தது. அடுத்து வளையல் ஒரு சோடி. இன்னும் சங்கிலி பாக்கி; நான்கு பவுன், வங்கியில் இருக்கிறது. தோடு வந்த அன்று கணவர் அதைத் தன் கையாலேயே அவள் காதில் போட்டுவிட வந்திருக்கிறார். திருகு மாட்டத் தெரியாமல் தடுமாறியிருக்கிறார். “அன்னைக்குத்தாண்ணே அழுதாக. சாட்சி சொன்னப்பக் கூட அப்படி அழல.”

கணவர் குழாயடியிலிருந்து வந்தார். நெடிய ஆள், கரி படிந்து காப்புக் காய்த்த கைகள். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அவள் என்னிடம் என்ன பேசியிருப்பாள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், சங்கடப்படவில்லை. சங்கிலி எப்போது வரும் என்று நான் கேட்க நினைக்கவில்லை. அவராகவே சொன்னார்.

“ஆவணிக்குள்ள திருப்பிருவேன் சார். மழை பேஞ்சா மூட்டம் போட முடியாது, அதுக்குள்ள.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “பையந்தான் சார் இன்னும் பேசல. திருப்பூர்ல இருக்கான். அம்மாக்குப் போன் போடுவான். நான் எடுத்தா வச்சிருவான். அவன் பத்தாவது படிக்கையில அவன் புத்தகத்தையெல்லாம் தூக்கித் தீயில போட்டேன், போதையில. அத எங்க போய்த் திருப்புறது?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் விரும்பவில்லை. தாவீதுக்கும் இதே பிரச்சினை இருந்தது. மன்னிப்புப் பெற்ற பிறகும் அவர் வீட்டில் பிள்ளைகள் சீரழிந்தார்கள். அப்சலோம் தகப்பனுக்கு எதிராகவே படை திரட்டினான். புதுப்பிறப்பு என்று நாம் மேடையில் சொல்வது ஒரு நிமிடத்தில் நடக்கலாம். இந்த மனிதர் ஆண்டுக்கணக்கில் கரிப்புகைக்குள் நின்று செய்வதும் அதே புதுப்பிறப்புதான். இரண்டாவதற்கு யாரும் கை தட்டுவதில்லை என்பதால் அது குறைந்ததாகிவிடாது. எனக்கு அதுதான் கூடுதலாகத் தெரிகிறது. தடியத்தேவரைப் பற்றியும் அப்போதுதான் வேறுவிதமாக நினைத்தேன். திருமுழுக்குக்கு மறுநாள் காலை அவர் என்ன செய்தார் என்று அறிய ஆசையாக இருந்தது. அந்தப் பெண்களின் வீடுகளுக்கு ஆள் அனுப்பினாரா, தானே போனாரா, நிலம் எழுதிவைத்தாரா? அதற்கு அவருக்கு நேரமும் கிடைக்கவில்லை. இரண்டே நாளில் குருவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

“பையனுக்கு எழுதுங்களேன்” என்றேன். “போன வச்சிருவான். கடுதாசியை வைக்க முடியாது.”

அவர் மனைவியைப் பார்த்தார். அவள், “அவுகளுக்கு எழுத வராதுண்ணே. நான்தான் எழுதணும்” என்றாள். “நீ எழுதாத, நான் சொல்றத அப்படியே எழுது” என்றார் அவர். “அதத்தான் சொன்னேன்” என்றாள்.

பகல் வண்டியில் மூவரும் ஒன்றாகத் திரும்பினோம். அவர் சன்னலோரம், அவள் நடுவில். வழியில் பேச்சு வேறு எங்கெங்கோ போனது. கருவேல மரத்தின் விலை, அந்த ஆண்டு கண்மாயில் எவ்வளவு தண்ணீர் நின்றது, அசனத்துக்கு ஆடு வாங்கினால் எவ்வளவு ஆகும் என்பதெல்லாம். சங்கிலி வந்ததும் ஓரியூரில் ஓர் அசனம் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அவளுக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை; அந்தப் பணத்தில் மகனைப் பார்க்கத் திருப்பூருக்குப் போய்வரலாம் என்றாள். அவர் மறுத்துப் பேசவில்லை. திருவாடானை வந்ததும் அவர் முதலில் இறங்கினார். மார்ச் முடிவதற்குள் வட்டி கட்டினால்தான் கடன் பழைய வட்டி விகிதத்தில் தொடரும், வங்கி கணக்கு முடிக்கும் முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று பரபரத்தார். அவள் சட்டென்று பையைத் திறந்து அடகுச் சீட்டு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, “வர்றேண்ணே” என்று சொல்லிவிட்டு அவருக்குப் பின்னால் வேகமாக நடந்தாள்.